துண்டு என் தோளில்தான் கிடந்தது

சண்டையை நடுவில் விட்டவர்களைப் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் குத்துச்சண்டை மேடையின் கயிற்றை ஒட்டியே நின்றிருக்கிறேன், வாளியும் துண்டுமாக.

தருமபுரியில் மாவட்ட அளவில் நடந்த குத்துச்சண்டைப் போட்டி. எங்களிடம் பழகின பையன் பென்னாகரம் பக்கம், கல்லூரியில் முதல் வருடம், 60 கிலோ பிரிவு. காலையில் எடை பார்க்கிறவரை வாயில் தண்ணீர்கூட வைக்கவில்லை. எடை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு இட்லி, அவ்வளவுதான். முதல் ரவுண்டு அவனுடையது. இடது கையை நீட்டி நீட்டியே எதிராளியைக் கிட்ட அண்டவிடவில்லை.

இரண்டாவது ரவுண்டில் பாதி ஆகியிருக்கும். எதிராளி குனிந்து வந்து இடது கையை வளைத்து ஒரு ஹூக் விட்டான், வலது விலாவுக்குக் கீழே. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ஈரச் சாக்கை உதறினது மாதிரி. பையன் நின்றான். ஒரு எட்டு பின்னால் வைத்தான். அப்புறம்தான் முகம் மாறியது. கல்லீரலில் விழுகிற குத்து அப்படித்தான். உடனே தெரியாது, ஒரு நொடி கழித்துக் கால் மடங்கும். தாடையில் வாங்கினவனுக்கு விழுந்ததே ஞாபகம் இருக்காது. இவனுக்குத் தலை தெளிவாகவே இருக்கும், மூச்சுதான் வராது. கூட்டத்தில் யார் சிரிக்கிறார்கள் என்பதுவரை தெரியும்.

ஒரு முழங்காலை ஊன்றி உட்கார்ந்தான். நடுவர் எட்டு எண்ணுவதற்குள் எழுந்தும் விட்டான். "பாக்ஸ்" என்றார். தொடர்ந்து ஆடு என்று அர்த்தம். இவன் கையைத் தூக்கவில்லை. பல்காப்பைக் கடித்தபடியே தலையை ஆட்டி, "போதும் சார்" என்றான்.

"களி தின்ன ஒடம்பாடா இது?" என்று ஒரு குரல். "வளையல் வாங்கிக் குடுங்கடா" என்று இன்னொன்று. நாலாவது வரிசையில் இருந்த அவன் அப்பா, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பயிற்சி கொடுத்த மாஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. வாய் நீண்டது எனக்குத்தான். பல்காப்பை வாங்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றும்போது, "இன்னும் ஒன்றரை நிமிஷம் தாங்கியிருந்தா பெல் அடிச்சிருக்குமேடா" என்றேன். வெள்ளைத் துண்டு அப்போது என் தோளில்தான் கிடந்தது. அதை எனக்குக் கொடுத்திருந்ததே வியர்வை துடைக்க மட்டும் இல்லை. வேண்டுமானால் மேடைக்குள் வீசலாம், வீசினால் சண்டை அதோடு நின்றுவிடும். நானோ முதல் ரவுண்டு நம்முடையது, இதைத் தள்ளிவிட்டால் மூன்றாவதில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் எக்ஸ்ரே, ஸ்கேன் இரண்டும் எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, உள்ளே ரத்தக் கசிவும் இல்லை. அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று. ஒரு விலா எலும்பில் கீறல் விட்டிருந்தால்கூட ஊர் மன்னித்திருக்கும். "ஒண்ணும் இல்லியாமே" என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்டால் பையன் என்ன பதில் சொல்வான்?

நம் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 2000 ஏப்ரலில் பெர்லினில் உக்ரைன் குத்துச்சண்டைக்காரர் விட்டாலி கிளிட்ச்கோ, அமெரிக்காவின் கிறிஸ் பேர்டுடன் மோதினார். 9 ரவுண்டு முடிந்து புள்ளியில் முன்னால் இருந்தவர், தோள் கிழிந்ததால் மேலே ஆட முடியாது என்று உட்கார்ந்துவிட்டார். கோழை என்று எழுதினார்கள். 2003 ஜூனில் லெனாக்ஸ் லூயிஸுடன் ஆடினபோது இடது கண்ணுக்கு மேல் சதை பிளந்தது. 6 ரவுண்டு முடிந்ததும் டாக்டர் நிறுத்தச் சொல்ல, இவர் விடமாட்டேன் என்று கத்தினார். கணக்கில் அதுவும் தோல்விதான். ஆனால் ரத்தம் வழிந்த அந்த முகத்தை எல்லோரும் பார்த்தார்கள், கோழைப் பட்டம் அதோடு போயிற்று. தோளுக்குள்ளே கிழிந்ததை யார் பார்த்தார்கள்?

தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். உடம்பில் அம்பு தைத்தபடி வில்லோடு நிற்கிற வீரன். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல். உயிரோடு திரும்பி வந்து ஏர் பிடித்தவனுக்கு ஏது கல்? வெண்ணிப் போரில் முதுகில் புண் பட்டுவிட்டதே என்று வடக்கிருந்து, அதாவது வடக்கே பார்த்துப் பட்டினி கிடந்து, உயிர் விட்ட சேரனைப் புலவர்கள் பாடி வைத்திருக்கிறார்கள். புண் எங்கே என்று பார்த்துத்தான் மரியாதை கொடுப்போம். புண்ணே இல்லை என்றால்?

1975இல் மணிலாவில் முகமது அலியோடு 14 ரவுண்டு ஆடின ஜோ ஃபிரேசியருக்குக் கண் வீங்கி மூடியிருந்தது. நான் ஆடுகிறேன் என்று அவர் சொன்னபோதும் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் உட்கார வைத்துவிட்டார். ஃபிரேசியரைப் பாதியில் விட்டவர் என்று இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பேச்சைத் தன் தலையில் வாங்கிக்கொள்ள இன்னொருவர் இருந்தார். 1982இல் லாஸ் வேகாஸில் அமெரிக்கர் மான்சினியோடு ஆடின கொரியாக்காரர் கிம் டுக் கூ 14வது ரவுண்டுவரை தாங்கினார். சில நாளில் செத்துப்போனார். அதற்கப்புறம்தான் உலகப் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12க்கு இறங்கின.

நான் ஏன் வீசவில்லை என்று இத்தனை வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஓசூரிலிருந்து ஒருவர் எழுதியது:

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூர் போய் ஜூஜுட்சு என்கிற பிடிச்சண்டை பழகுகிறேன். அங்கே தோற்றுப்போனால் எதிராளியின் உடம்பிலோ தரையிலோ தட்ட வேண்டும், அவன் விட்டுவிடுவான். முதல் நாள் ஆறு தடவை தட்டினேன். ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றாவது மாதம் எனக்குக் கொழுப்பு ஏறியது. என்னைவிடப் பத்து கிலோ குறைந்த ஒரு சின்னப் பையன் கையைப் பூட்டிவிட்டான். இவனிடமா தட்டுவது என்று பல்லைக் கடித்தேன். முழங்கையில் 'டொக்'. மூன்று வாரம் இடது கையால் சோறு பிசைந்தேன். கம்பெனியில் லீவு கேட்கப் போனால் சூப்பர்வைசர், "பைக்ல விழுந்தியா?" என்கிறார். ஆமாம் சார் என்று சொல்லி வைத்தேன். தட்டியிருந்தால் அந்தப் பொய்யும் மிச்சம்.

வேடிக்கை என்னவென்றால், எங்கள் வகுப்பில் நாளுக்குப் பத்துத் தடவை தட்டுகிறவர்களே டிவியில் குத்துச்சண்டை பார்க்கும்போது, உட்கார்ந்தவனைப் பொட்டை என்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து இன்னொருவர் எழுதியது:

எல்லோரும் விட்டவனுக்காகவே உருகுகிறீர்கள். எதிர்ப்பக்கம் நின்றவனையும் கொஞ்சம் பாருங்கள்.

நான் வாங்கின ஒரே தங்கப் பதக்கம் அப்படி வந்ததுதான். இரண்டாவது ரவுண்டு முடிந்து எதிராளி மூலையிலிருந்து எழவில்லை. நடுவர் என் கையைத் தூக்கினார். ஊருக்கு வந்தால், "அவன் வுட்டான், நீ வாங்கின" என்கிறார்கள். கல்யாணத்தன்றுகூட மாமா ஒருத்தர் இதைச் சொல்லிச் சிரித்தார். ஆறு நிமிடம் நான் குத்தினதால்தானே அவன் உட்கார்ந்தான்? அந்தக் கணக்கு யாருக்கும் வேண்டாம்.

1980 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸில் லியோனார்டோடு ஆடின பனாமாக்காரர் துரான் 8வது ரவுண்டில் கையை உதறிவிட்டுப் போனதை நாற்பது வருடம் தாண்டியும் பேசுகிறார்கள். வயிற்றுப் பிடிப்பு என்று அவர் சொன்னதை நம்பினவர்கள் குறைவு. சரி, அன்றைக்கு லியோனார்ட் எப்படி ஆடினார் என்று யாராவது பேசுகிறார்களா? வலது கையைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, அசந்த நேரத்தில் இடது கையால் மூக்கில் ஒன்று வைத்தார். ஐந்து மாதத்துக்கு முன்னால் தன்னைத் தோற்கடித்த ஆளை அவ்வளவு திணற அடித்தார். பேர் என்னவோ துரானுக்குத்தான்.

எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

முதலில் எழுதியவன் மறுபடியும் எழுதியது:

காவேரிப்பட்டணத்து நண்பருக்கு: நியாயம்தான். எங்கள் பையனைக் குத்தினவன் பெயரையே நான் மறந்துவிட்டேன்.

பையன் இப்போது என்ன செய்கிறான் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். போன சீசனில் கிருஷ்ணகிரி போகிற வழியில் ஒரு மாங்காய் மண்டியில் பார்த்தேன். கூழ் ஃபேக்டரிக்குப் போகிற தோதாபுரி லோடுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தான். நல்ல சதை போட்டிருக்கிறான். "அண்ணா" என்று ஓடி வந்து, ஒரு பை செந்தூரா கட்டிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

அன்றைக்கு நான் பேசினது தப்புடா என்றேன். அவனுக்கு என் பேச்சு ஞாபகமே இல்லை. "நீங்க தண்ணி ஊத்தினீங்க, அது தெரியும்ணா" என்றான். அப்பாவைப் பற்றிக் கேட்டேன். அன்று ராத்திரி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். விடியற்காலையில் இவன் தூங்குகிறான் என்று நினைத்து, விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி எடுத்துவந்து விலாவில் தடவிவிட்டுப் போனாராம்.

அதற்குள் லாரிக்காரர் ஹாரன் அடித்துவிட்டார்.