இரண்டாயிரம் பன்றிகள் எந்த ஊரில் விழுந்தன?

சுவடி:
எங்கள் வீட்டில் இரண்டு வேதாகமங்கள். மனைவி வீட்டார் சி.எஸ்.ஐ. (சீர்திருத்தத் திருச்சபை); அவர்கள் தந்தது பழைய மொழிபெயர்ப்பு. என்னுடையது புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியம். இயேசு விரட்டிய பிசாசுகள் பன்றிக் கூட்டத்துக்குள் புகுந்து, பன்றிகள் சரிவிலிருந்து பாய்ந்து கடலில் மூழ்கிய சம்பவத்தை இரண்டிலும் வாசித்தேன். பழையதில், நற்செய்தி எழுதியவர்களில் மத்தேயு 'கெர்கெசேனர் நாடு' என்கிறார், மாற்கு 'கதரேனருடைய நாடு' என்கிறார். திருவிவிலியத்தில் மத்தேயுவுக்குக் கதரேனர், மாற்குக்குக் கெரசேனர்! இது தமிழாக்கக் கோளாறு அல்ல. கிரேக்கக் கையெழுத்துப் படிகளே இப்படித்தான் பிரிந்து கிடக்கின்றன. மாற்கின் 4ஆம் நூற்றாண்டுப் படிகளான சீனாய், வத்திக்கான் இரண்டிலும் இருப்பது கெரசா, அதாவது இன்றைய ஜோர்தானின் ஜெராஷ். அங்கிருந்து கலிலேயக் கடல் (உண்மையில் அது ஓர் ஏரி) ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். மாற்கோ, இயேசு படகைவிட்டு இறங்கியவுடனே அந்த மனிதன் எதிரே வந்தான் என்கிறார். போதாக்குறைக்கு, மாற்கிலும் லூக்காவிலும் பிசாசு பிடித்தவன் ஒருவன், மத்தேயுவில் இருவர். இடம் தெரியாதவர் எழுதிய அற்புதத்தை வரலாறு என்று எப்படி ஏற்பது?

மறைக்கல்வி ஆசிரியர்:
நண்பரே, இதை 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அறிஞர் ஓரிஜென் கவனித்துவிட்டார். கெரசாவுக்குப் பக்கத்தில் கடலும் இல்லை, ஏரியும் இல்லை. கதரேனரின் ஊரான கதராவில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, செங்குத்தான ஏரிக்கரை கிடையாது என்று எழுதியவர் அவர்தான். கெர்கெசேனரின் ஊரான கரையோரத்துக் கெர்கெசாதான் அந்த இடம் என்றார். திருச்சபை எதையும் ஒளிக்கவில்லை. தவிர, மாற்கு சொல்வது ஊரை அல்ல, ஒரு பகுதியை. கதராவை எடுத்துக்கொண்டால், அதன் கிராமங்கள் ஏரிக்கரை நகரமான திபேரியாவின் எல்லைவரை இருந்ததாக முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீஃபஸ் குறிப்பிடுகிறார். அந்த நகரத்தின் நாணயங்களில் கப்பல் உண்டு. 1970இல் ஏரியின் கீழைக்கரையில் சாலை போட்டபோது, கெர்கெசா என்று கருதப்படும் குர்சியில் பைசாந்தியக் கால மடமும் ஆலயமும் வெளிப்பட்டன.

சுவடி:
ஐயா, கப்பல் நாணயம் கதராவுக்கு உதவும், மாற்குக்கு உதவாது. கெரசாவுக்கும் ஏரிக்கும் நடுவே மற்ற நகரங்களின் நிலம் கிடக்கிறது. குர்சி ஆலயம் 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. அந்தக் காலத்து மக்கள் அந்த இடத்தை நம்பினார்கள் என்பதற்கு அது சான்று. பன்றிகளுக்குச் சான்று அல்ல.

கடைசி வரிசை:
நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டனும், டார்வினுக்காக வாதாடிய விஞ்ஞானி ஹக்ஸ்லியும் 1890 வாக்கில் இதே பன்றிகளுக்காகப் பத்திரிகையில் மோதிக்கொண்டார்கள். பன்றி வளர்த்தவர்கள் யூதர்கள், பன்றியை விலக்கும் தங்கள் சட்டத்தை மீறியவர்களுக்கு அந்த நஷ்டம் தகும் என்றார் முன்னவர். கதரா கிரேக்கப் பண்பாட்டு நகரம், அங்கே பன்றி வளர்ப்பதில் என்ன குற்றம் என்றார் பின்னவர். மேய்த்தவனுக்கு அந்த மாதச் சம்பளம் கிடைத்ததா என்பதுதான் என் கவலை.

கீழைக்காற்று:
இருவரும் எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். பிசாசின் பெயர் 'லேகியோன்'. அது ரோமப் படைப்பிரிவைக் குறிக்கும் லத்தீன் சொல். ரோமுக்கு எதிரான யூதப் போரில் சண்டையிட்டு, கி.பி. 70க்குப் பிறகு எருசலேமில் முகாமிட்ட பத்தாவது படைப்பிரிவின் சின்னங்களில் ஒன்று காட்டுப்பன்றி. அந்த நாள்களில் இதைக் கேட்டவர்களுக்கு யார் கடலில் மூழ்குகிறார்கள் என்பது புரிந்திருக்கும்.

மறைக்கல்வி ஆசிரியர்:
அழகான விளக்கம். ஆனால் ஒரு படைப்பிரிவில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர். மாற்கில் பன்றிகள் இரண்டாயிரம். உருவகம் எழுதுகிறவர் கணக்கை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? சுவடி அவர்களே, மாற்கு எழுதப்பட்டது ஏறத்தாழ கி.பி. 70இல் என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கிறார்கள். சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவே நாற்பது ஆண்டுகள்தான். கண்ட சிலராவது உயிரோடு இருந்திருப்பார்கள்.

சுவடி:
அதே நாற்பது ஆண்டை நானும் தருகிறேன். ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் எகிப்தின் அலெக்சாந்திரியாவில் தம் உமிழ்நீரால் ஒரு குருடனுக்குப் பார்வை தந்தார், கை விளங்காத ஒருவனையும் குணப்படுத்தினார் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸ் ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழித்து எழுதுகிறார். நேரில் பார்த்தவர்கள், பொய் சொல்லி லாபம் எதுவும் இல்லாத இந்நாளிலும் அதைச் சொல்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். சாட்சி இருக்கிறது, கால இடைவெளியும் ஒன்றுதான். நம்புவீர்களா?

மறைக்கல்வி ஆசிரியர்:
ஊர்ப்பெயரில் தொடங்கினீர்கள். இப்போது அற்புதமே நடக்காது என்ற இடத்துக்கு வந்துவிட்டீர்கள். மாற்கு ஊரைச் சரியாக எழுதியிருந்தால் நம்பியிருப்பீர்களா?

சுவடி:
நம்பியிருக்க மாட்டேன். ஊர் சரியாக இருந்தால், அவருக்கு அந்தக் கரை தெரியும் என்று மட்டும் சொல்லியிருப்பேன். நீங்கள் வெஸ்பாசியனுக்குப் பதில் சொல்லவில்லை.

மறைக்கல்வி ஆசிரியர்:
சொல்கிறேன். வெஸ்பாசியன் முதலில் மருத்துவர்களைக் கேட்டார். பார்வை முழுவதும் அழிந்துவிடவில்லை, தடை நீங்கினால் திரும்பும் என்று அவர்கள் சொன்னதையும் டாசிடஸே எழுதியிருக்கிறார். புதிதாக அரியணை ஏறியவருக்கு அந்தச் செய்தி தேவைப்பட்டது. அங்கே இயற்கையான விளக்கமே போதும்.

சுவடி:
அதே மருத்துவர்களைக் கெரசாவுக்கும் அனுப்பிவையுங்கள், ஐயா.

கடைசி வரிசை:
எந்தக் கெரசாவுக்கு?