மூன்று டிஸ்ட்ரோ மாற்றியும் பழைய லேப்டாப் நொண்டுகிறது, அடுத்து எதைப் போடலாம்?

மேலூர் ஜெராக்ஸ் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மேலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் அப்பாவுக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. கடையில் ஓடுவது அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த இலவச லேப்டாப், 2014-ல் வந்தது. செலரான் சிபியு, 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அக்காவுக்குக் கல்யாணமாகி அவள் பையனே பள்ளிக்கூடம் போகிறான், லேப்டாப்புக்கு மட்டும் இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆன்லைன் விண்ணப்பம், பட்டா சிட்டா எடுத்துக் கொடுப்பது, மனு டைப் அடிப்பது, சாயங்காலம் அப்பாவுக்கு யூடியூபில் பழைய பாட்டு. லினக்ஸ் டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகளில், முதலில் உபுண்டு போட்டேன், மவுஸ் நகரவே யோசித்தது. அடுத்து மின்ட் எக்ஸ்எஃப்சிஈ, அதற்கப்புறம் லுபுண்டு. எதைப் போட்டாலும் இரண்டு நாள் நன்றாக இருக்கிற மாதிரி தெரியும், பிறகு பழைய கதைதான். நேற்று கடிகாரத்தை வைத்து எண்ணினேன், ஃபயர்ஃபாக்ஸ் திறந்து பட்டா பக்கம் வர ஒன்றே முக்கால் நிமிடம். அதற்குள் வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

நாலாவதாக எதைப் போடலாம்? பப்பி, போதி, ஆன்டிஎக்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உசிலை பெங்குவின் எழுதியது:

ஆன்டிஎக்ஸ் போடுங்க ப்ரோ. என் 1 ஜிபி நெட்புக்கிலேயே ஓடுகிறது. பார்க்கக் கொஞ்சம் வறட்சியாக இருக்கும், பழகிவிடும்.

சிம்மக்கல் ஸ்க்ரூடிரைவர் எழுதியது:

தம்பி, நாலாவது டிஸ்ட்ரோவைத் தேடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். இருபது வருடமாக இந்தப் பெட்டிகளைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன், இப்படி வருகிற பத்தில் எட்டுக்குக் காரணம் டிஸ்ட்ரோ இல்லை. மாட்டை மாற்றாமல் வண்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

டெர்மினலைத் திறந்து டாப் என்று அடித்துவிட்டு ஃபயர்ஃபாக்ஸைத் திறங்கள். மேலிருந்து மூன்றாவது வரியில் சிபியு கணக்கு இருக்கும், அதில் டபிள்யூஏ என்று ஒரு எண் வரும். டிஸ்க்கிலிருந்து டேட்டா வரட்டும் என்று சிபியு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற நேரம் அது. ஐந்துக்குள் இருந்தால் கவலை இல்லை, ஐம்பதைத் தாண்டினால் செலரானைத் திட்டிப் பயனில்லை. லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. பிரவுசர் திறக்கும்போது எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளைப் படிக்க வேண்டும், ஒவ்வொரு துண்டுக்கும் முள் நகர்ந்து, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆன்டிஎக்ஸ் போட்டாலும் அதே முள், அதே தட்டுதான்.

அப்படியே டிஸ்க்ஸ் என்ற செயலியில் ஸ்மார்ட் டேட்டாவையும், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றி எழுதி வைக்கும் கணக்கையும் பாருங்கள். ரீஅலோகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்று இடம் கொடுத்தவை), கரன்ட் பெண்டிங் செக்டர் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பெண்டிங்கில் ஏதாவது எண் இருந்தால், படிக்க முடியாமல் தடுமாறும் இடங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். அன்றைக்கே ஃபைலையெல்லாம் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

அப்புறம் சூடு. கடையில் டோனர் தூள், ரோட்டுப் புழுதி, சித்திரை மாத வெயில். ஃபேனைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? சென்சார்ஸ் என்று அடித்தால் வெப்பம் காட்டும். தொண்ணூறைத் தொட்டால் சிபியு தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும், "இரண்டு நாள் நன்றாக இருந்தது" என்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

மேலூர் ஜெராக்ஸ் எழுதியது:

அண்ணே, பார்த்துவிட்டேன். டபிள்யூஏ 60-க்கும் 75-க்கும் நடுவில் ஆடுகிறது. நாலு டேப் திறந்தால் ஸ்வாப்பில், அதாவது ரேம் போதாதபோது டிஸ்க்கில் கடன் வாங்கும் இடத்தில், 1.3 ஜிபி போய்விடுகிறது. பெண்டிங் செக்டர் 8. வெப்பம் 91. எல்லாத் தேர்விலும் ஃபெயில் போல. மனு ஃபைல்களையெல்லாம் பென் டிரைவில் எடுத்துவிட்டேன். சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் மட்டும் போதுமா, ரேமும் சேர்த்து வாங்க வேண்டுமா? இரண்டு மாத இன்டர்நெட் காசை அப்பாவிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

வைகைக்கரை எழுதியது:

ஸ்க்ரூடிரைவர் அண்ணன் சொன்னது சரி, ஆனால் எஸ்எஸ்டி மட்டும் போட்டு 2 ஜிபியிலேயே விட்டால் பாதிக் கிணறுதான் தாண்டியிருப்பீர்கள். ஸ்வாப் வேகமாக நடக்கும், அவ்வளவே. மின்ட்காரர்களே குறைந்தபட்சம் 2 ஜிபி, வசதியாக ஓட 4 ஜிபி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு லினக்ஸுக்கு ரேம் வேண்டியதில்லை, பிரவுசருக்குத்தான் வேண்டும்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். உங்கள் ரேம் வகையான டிடிஆர்3 என்று கேட்டால் கடையில் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். 1.5 வோல்ட் ஒன்று, 1.35 வோல்ட் ஒன்று, இரண்டாவதன் பெயரில் ஒரு எல் சேர்ந்திருக்கும். பழைய ரேம் குச்சியைக் கழற்றி அதன் ஸ்டிக்கரை போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். எல் இருந்தால் எல் தான் வாங்க வேண்டும். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும், மாட்டிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

ரேம் வாங்கும் வரைக்கும் இசட்ரேம் போட்டு ஓட்டலாம். ரேமிலேயே ஒரு பகுதியில் டேட்டாவைச் சுருக்கி வைக்கும், கிழவன் ஹார்ட் டிஸ்க்குக்கு ஸ்வாப் போவது குறையும். சாஃப்ட்வேர் மேனேஜரில் இசட்ரேம் டூல்ஸ் என்று தேடினால் வரும். மற்றபடி வீடியோவில் காட்டுகிற "வேகமாக்க 20 வழி" எதையும் தொடாதீர்கள். ஃபைலைப் படித்த நேரத்தைக் குறித்து வைக்காமல் இருக்க நோஏடைம் போடு என்பார்கள், லினக்ஸின் மையமான கெர்னல் 2009-லிருந்தே ரெல்ஏடைம் என்று அதில் பெரும்பகுதியைத் தானே செய்துகொள்கிறது. நான் ஒரு முறை யாரோ சொன்னதைக் கேட்டுத் தேவையில்லாத சர்வீஸ் என்று வரிசையாக நிறுத்திக்கொண்டே போய், கடைசியில் வைஃபையையும் நிறுத்தி, அதைத் திரும்ப எழுப்ப வழி தேட நெட் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்பாவின் பாட்டுக்கு ஒரு சின்ன வித்தை. யூடியூப் இப்போது வீடியோவை விபி9, ஏவி1 என்ற சுருக்க வடிவங்களில் அனுப்புகிறது, அந்தக் காலத்துச் சில்லுக்கு அதெல்லாம் தெரியாது, சிபியுவே மூச்சு வாங்கிக்கொண்டு பிரிக்கும். எச்264ஃபை என்ற நீட்சியை ஃபயர்ஃபாக்ஸில் போட்டால் எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும், அதை கிராஃபிக்ஸ் பகுதி பார்த்துக்கொள்ளும்.

உசிலை பெங்குவின் எழுதியது:

சரி, நான் ஆன்டிஎக்ஸை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மேலூர் ஜெராக்ஸ் எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், கடையில் ஆள் இல்லை.

240 ஜிபி எஸ்எஸ்டி புதிது, 4 ஜிபி ரேம் செகண்ட் ஹேண்ட், எல் போட்டதுதான். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்ததால் இப்போது மொத்தம் 6 ஜிபி. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டு அப்பா டார்ச் பிடிக்க நான் பிரித்தேன். ஃபேனைத் திருப்பினால் காற்று வெளியே போகும் சன்னலில் தூசி அடை மாதிரி உட்கார்ந்திருந்தது, ஊதினால் போகவில்லை, ஊசியால் குத்தித் தூக்கியதும் மெத்தைத் துண்டு போல ஒரே பாளமாக வந்தது. நடுவில் கறுப்பாக டோனர். அப்பா அதைக் கையில் வாங்கி "இதுக்குத்தான் கரண்டு கட்டிட்டு இருந்தோமா" என்றார். செலரான் மேல் இருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக இருந்தது, துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பொட்டு வைத்தேன். எல்லாம் மாட்டி முடித்த பிறகு ஒரு ஸ்க்ரூ மிச்சம். எங்கே இருந்தது என்று இன்னும் தெரியவில்லை, கல்லாப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

மறுபடியும் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஈ போட்டேன், 2029 வரை அப்டேட் வரும் என்பதால். நான் கைவிட்ட அதே மின்ட்தான். ஆன் செய்து டெஸ்க்டாப் வர 31 நொடி, பட்டா பக்கம் 9 நொடி, அதிலும் பாதி நேரம் சைட்டுக்காகக் காத்திருப்பது. வெப்பம் 64-ஐத் தாண்டவில்லை.

இன்னும் ஒரு சிக்கல் பாக்கி. ஆட்கள் பென் டிரைவில் கொண்டுவரும் பழைய மனுக்கள் லிப்ரே ஆபீஸில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகின்றன. பாமினி என்கிறார்கள்.

சிம்மக்கல் ஸ்க்ரூடிரைவர் எழுதியது:

ஸ்க்ரூ அநேகமாகக் கீபோர்டுக்கு அடியில் இருந்தது, விடுங்கள், இன்னும் நாலைந்து பிடித்துக்கொண்டிருக்கும்.

பாமினி யூனிகோடு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறை, இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த ஃபான்ட், அது கணினியில் இல்லாவிட்டால் ஆங்கிலமாகத்தான் தெரியும். ஃபான்ட் ஃபைலை வாங்கி ஹோம் ஃபோல்டரில் .ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் போடுங்கள், பெயரை ஆங்கிலத்தில் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கும், கன்ட்ரோல் எச் அழுத்தினால் தெரியும். அந்த ஃபோல்டர் இல்லையென்றால் நீங்களே உருவாக்கிக்கொள்ளலாம். லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தால் மனு தமிழில் வந்துவிடும். புதிதாக அடிப்பதை மட்டும் பாமினியில் அடிக்காதீர்கள், ஐபஸ் எம்17என் என்ற தட்டச்சு மென்பொருளை நிறுவி தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்து யூனிகோடிலேயே அடியுங்கள். ஒரு வாரம் விரல் தடுமாறும்.

மேலூர் ஜெராக்ஸ் எழுதியது:

வந்துவிட்டது அண்ணே. முதலில் திறந்தது எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேட்டு 2016-ல் அடித்த மனு. தேதியை மட்டும் மாற்றி இன்றைக்குத் திரும்பப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன்.