புதுப்பிப்பு: எடை மெஷின் கட்டிலுக்கு அடியில் போனபின்

மூன்று மாதம் முன்பு புலம்பியிருந்தேன்: எடை குறைக்க நடக்க ஆரம்பிப்பேன், மூன்றாவது வாரம் முள் அசையாது, அன்றோடு நடையும் நின்றுவிடும் என்று. "தினமும் எடை பார்க்காதீங்க" என்று ஒருவர் பதில் சொன்னார். அப்போது எரிச்சல் வந்தது. இப்போது அவருக்கு நன்றி.

மெஷின் கட்டிலுக்கு அடியில். உடலில் தங்கும் நீரால் மட்டுமே ஒரே நாளில் ஒரு கிலோ ஏறி இறங்கும். அதைப் போய் மார்க் ஷீட் மாதிரி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். டெசி, ரயன் என்ற உளவியலாளர்களின் சுயநிர்ணயக் கோட்பாடும் இதைத்தான் சொல்கிறது: குற்ற உணர்ச்சியில் செய்வதைவிட, விரும்பிச் செய்வதுதான் நிலைக்கும்.

எனக்கு விருப்பம் நடையில் இல்லை, ஒலிப்புத்தகத்தில். நடக்கும்போது மட்டுமே கேட்பது என்று வைத்துக்கொண்டேன். போன வாரம் கதை சூடுபிடித்த நேரத்தில் வாசல் வந்துவிட்டது. ஷூ லேஸில் கை வைத்தவன், அப்படியே எழுந்து இன்னொரு சுற்றுப் போனேன். நானா இது?

அப்புறம், 21 நாளில் பழக்கமாகிவிடும் என்பதை நம்பாதீர்கள். 2010இல் வெளியான லண்டன் ஆய்வொன்றில் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. ஒரு நாள் தவறினால் குடிமுழுகாது என்பதும் அதில் உண்டு. முன்பெல்லாம் ஒரு நாள் விட்டாலே, சரி போச்சு என்று படுத்துவிடுவேன்.

எடை? மாதக் கணக்கில் பார்த்ததில் 2 கிலோ குறைவு. மழை நாளுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை.