சாயும் இரும்புத் தட்டு: .22 தோட்டா பட்டும் ஏன் விழவில்லை?

ஐந்துரோடு_22:
துப்பாக்கி சுடும் கிளப்பின் ரேஞ்சில் இலக்காக வைக்க 200 மி.மீ. விட்டம், 10 மி.மீ. கனத்தில் வட்டத் தட்டுகள் வெட்டி, அடியில் கீல் வைத்திருக்கிறோம். .32 ரிவால்வரில் சுட்டால் பெரும்பாலும் விழுகிறது. .22-இல் நடுவில் பட்டாலும் ஆடிவிட்டு நின்றுவிடுகிறது. 9 மி.மீ., .45 இவற்றோடு ஒப்பிட்டால் நம் தோட்டாக்களின் அடிக்கு வலு எவ்வளவு? தட்டு சாதாரண எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்). சேலம் உருக்காலை ஸ்டெயின்லெஸ் போட்டால் தேவலையா?

பட்டறை_கணக்கு:
தட்டைத் தள்ளுவது உந்தம், அதாவது எடை பெருக்கல் வேகம். தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் ஜூல் (ஆற்றல்) அளவை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். சுமாரான கணக்கு இது:

.22 எல்ஆர்: 2.6 கிராம், 300 மீ/வி, 117 ஜூல், உந்தம் 0.78 (கிலோ மீ/வி)
.32 ஏசிபி (பிஸ்டல்): 4.6 கிராம், 275 மீ/வி, 174 ஜூல், 1.27
.32 எஸ் அண்டு டபிள்யூ லாங் (ரிவால்வர்): 6.5 கிராம், 230 மீ/வி, 172 ஜூல், 1.5
9 மி.மீ.: 8 கிராம், 350 மீ/வி, 490 ஜூல், 2.8
.45 ஏசிபி: 14.9 கிராம், 255 மீ/வி, 484 ஜூல், 3.8

கடைசி இரண்டு வரியைப் பாருங்கள். ஜூல் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் .45 தள்ளுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல். இரண்டு .32-உம் அப்படியே. பெயர் ஒன்று என்பதற்காக ஒன்றின் தோட்டாவை மற்றதில் போட்டுவிடாதீர்கள், அது வேறு இது வேறு.

உங்கள் தட்டு சுமார் 2.5 கிலோ. நடுவில் .22 பட்டால் தட்டின் மையம் விநாடிக்கு 0.25 மீட்டர் வேகத்தில் கிளம்பும். தட்டு உங்கள் பக்கம் 15 டிகிரி சாய்ந்திருந்தால், அது நிமிர்ந்து பின்னால் போக 0.23 தேவை. கீலில் கொஞ்சம் துரு இருந்தாலும் கதை முடிந்தது. 5 டிகிரிக்குக் குறைத்தால் 0.08 போதும், தாராளமாக விழும். ஒரு போல்ட்டும் லாக் நட்டும் வைத்துச் சாய்வைச் சரிசெய்யுங்கள்.

.32 'பெரும்பாலும்' விழுவதற்கும் இதே காரணம்தான். கீலுக்கும் தட்டின் மையத்துக்கும் நடுவில் பட்டால் தட்டைச் சாய்க்கும் வலுவும் பாதியாகும்.

ஏற்காடு_ஃபாக்:
கணக்கு சரி சார், ஆனால் துருவை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். சேர்வராயன் மலையில் மூடுபனி மாதங்களில் வெளியே விட்ட கீல் ஒரு வாரத்தில் இறுகிவிடும். கீலின் பின் ஊசியை அரை மி.மீ. தளர்வாகப் போடுங்கள், கிராஃபைட் தூள் தடவுங்கள். கிரீஸ் வேண்டாம், மண்ணும் ஈயத் தூளும் அப்பிக்கொள்ளும்.

பட்டறை_கணக்கு:
ஒப்புக்கொள்கிறேன். இரும்பு பற்றிய கேள்வி பாக்கி. எம்எஸ் வேண்டாம், ஸ்டெயின்லெஸ்ஸும் வேண்டாம். 304 ரக ஸ்டெயின்லெஸ் தகடு துருவுக்குத் தாங்கும்; கடினம் 200 பிரினெல்லைத் தொட்டாலே அதிகம். தேவை 500 பிரினெல், அதாவது ஏஆர்500 என்ற கடின எஃகு, 10 மி.மீ. கனம். மெத்தென்ற தகட்டில் குழி விழும். அடுத்த தோட்டா அந்தக் குழியில் பட்டால் ஈயச் சிதறல் சுட்டவரை நோக்கியே திரும்பி வரும். வழவழப்பான முகத்தில் பட்டால் சிதறல் பெரும்பாலும் தட்டின் பக்கவாட்டில் போகும், அதனால் அடுத்தடுத்த தட்டுகளுக்கு நடுவே மறைப்புப் பலகை வையுங்கள்.

பட்டறையில் கேஸ் கட்டிங் செய்தால் ஓரம் சூட்டில் மெத்தென்றாகும். வாட்டர்ஜெட் (அழுத்த நீரால் வெட்டுவது) நல்லது. முகத்தில் வெல்டிங் வைக்கவே கூடாது.

ஐந்துரோடு_22:
தூரம் எவ்வளவு வைக்கலாம்?

ஏற்காடு_ஃபாக்:
ஐபிஎஸ்சி (சர்வதேசத் துப்பாக்கி சுடும் போட்டி அமைப்பு) விதிப்படி கைத்துப்பாக்கிக்குக் குறைந்தது 7 மீட்டர். 10 வையுங்கள். பாலிகார்பனேட் கண்ணாடி சுடுபவருக்கு மட்டுமல்ல, பின்னால் நிற்பவருக்கும் வேண்டும். குழி விழுந்த எம்எஸ் தட்டுகளை இன்றே இறக்கிவிடுங்கள்.