திரும்ப அழைக்கப்பட்ட காரை வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம். தூத்துக்குடியில் நாங்கள் ஓட்டிவரும் 2012 மாடல் காரின் ஓட்டுநர் பக்க ஏர்பேக்கை இலவசமாக மாற்றித் தருவதாகத் தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வந்துள்ளது. ஆனால் உதிரிபாகம் எப்போது வரும் என்பதற்கு சர்வீஸ் சென்டரில் உறுதியான பதில் இல்லை. பையை விரிக்கும் அமோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டுப்போனால், விபத்தின்போது அளவுமீறி வெடித்து, உலோகக் கூட்டைச் சிதறடித்து, ஓட்டுபவரின் முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சிவிடக்கூடும் என்பதால், கடலோர வெயிலிலேயே நிற்கும் எங்கள் வண்டியை நினைத்து மிகவும் அஞ்சுகிறேன். தினமும் அதை ஓட்டுபவர் என் மனைவி. இன்ஜினில் குறையே இல்லை. விற்றாலோ இதே ஆபத்து இன்னொரு குடும்பத்துக்குப் போய்ச் சேரும், அதற்கு மனம் ஒப்பவில்லை. இத்தகைய ஏர்பேக்கை மாற்றிக்கொண்டவர்கள், எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள், அதுவரை வண்டியை நிறுத்தியே வைத்தீர்களா, மாற்றியபின் எச்சரிக்கை விளக்கு சரியாக அணைகிறதா என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.