வலை உறை தூண்டில் ராடுல பாதியில சிக்கிடுச்சு, கழட்டவும் முடியல. உதவி!

அதிகாலைத்தக்கை:
நாளைக்கு விடியறதுக்குள்ள கிளம்பணும், தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க. ராடுக்கு உறை நானே செஞ்சுக்கலாம்னு, ஒயர் கட்டுக்கு மேல மாட்டுற அந்தக் கறுப்பு வலைக் குழாயை ராட் நீளத்துக்கு வெட்டி நுனியிலேர்ந்து மாட்டினேன். முக்கால்வாசி தூரம் வந்து நின்னுடுச்சு. கீழே இழுத்தாலும் இறுகுது, மேலே இழுத்தாலும் இறுகுது. பலமா இழுத்தா நுனி வளையுது, பயமா இருக்கு. எப்படிக் கழட்டுறது? அடுத்த தடவை எந்த அளவு வாங்கணும்?

விரால்பித்தன்:
அளவு சொல்றதுக்கு ராட் எதுன்னு தெரியணுமே நண்பா. ஸ்பின்னிங்கா (ரீல் கம்புக்குக் கீழ தொங்குறது), பெயிட்காஸ்டிங்கா (ரீல் மேல உட்கார்றது)? எத்தனை அடி? ஒரே துண்டா, ரெண்டு துண்டா? குழாயோட விட்டம் என்ன? எந்த இடத்துல நிக்குது?

நீரோட்டம்:
உள்ளே கொஞ்சம் சோப்புத் தண்ணி ஊத்துங்க, வழுக்கிட்டு வந்துடும். எனக்கு மோதிரம் சிக்கினப்போ அப்படித்தான் கழட்டினேன்.

பழையரீல்:
இதே கேள்விக்கு இங்கே நான் மட்டுமே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். பின்னல் குழாயின் அடிப்படையே தெரியாமல் அதைக் கத்தரித்து மாட்டியிருக்கிறீர்கள். அது தள்ளினால் விரியும், இழுத்தால் சுருங்கும். நீங்கள் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். சோப்பு எதற்கும் உதவாது. சிக்கல் வழுக்கலில் இல்லை.

தையல்நூல்:
பழையரீல் சார் சொல்றது சரி, ஆனா கொஞ்சம் பொறுமையா சொல்லியிருக்கலாம். தம்பி, நுனிப் பக்கத்தைப் பிடிச்சு இழுக்காதீங்க. கைப்பிடிப் பக்கம் இருக்கிற திறந்த வாயை ரெண்டு கையாலயும் பிடிச்சு, நுனியை நோக்கி மெதுவாத் தள்ளுங்க. வலை சுருண்டு, உப்பி, தானா அகலமாகும். ஒவ்வொரு கைடா (தூண்டில் நரம்பு கோக்குற வளையம்) தாண்டவிடுங்க. அவசரம் வேண்டாம்.

இன்னொண்ணு, கத்தரிக்கோலால வெட்டின முனை பிரிஞ்சிருக்கும். அந்த இழைதான் கைடோட கால்ல போய் மாட்டும். மாட்டின இழையை மட்டும் சின்னக் கத்தரியால வெட்டிடுங்க. பிளேடு மட்டும் வேண்டவே வேண்டாம். கைடைக் கட்டியிருக்கிற நூல்ல பட்டாலும் போச்சு, கார்பன் கம்பு மேல கீறினாலும் போச்சு. இன்னிக்குக் கீறினது ஒரு நாள் மீன் இழுக்கும்போது முறியும்.

குழாய்மாணிக்கம்:
வலை உறையே தப்பான தேர்வு. அது கீறலைத்தான் தடுக்கும். கார் கதவுல மாட்டினாலோ, மேல யாராவது மிதிச்சாலோ ஒரு பிரயோஜனமும் இல்லை. பிவிசி குழாய் எடுங்க, ரெண்டு பக்கமும் மூடி, அடியில துணியோ ஸ்பாஞ்சோ, மூடியில காத்துப் போக ஒரு ஓட்டை. முடிஞ்சது வேலை.

விரால்பித்தன்:
ஒரே துண்டு 7 அடி ராடா இருந்தா 7 அடி பிவிசியைத் தூக்கிட்டு அலையறது யார்? ரெண்டு துண்டு ராடுக்கு உங்க யோசனை நல்லாருக்கும். இவரோடது எதுன்னு இன்னும் சொல்லவே இல்லையே.

அதிகாலைத்தக்கை:
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுட்டேன். ஸ்பின்னிங், 7 அடி, ஒரே துண்டு. குழாய் 12 மி.மீ.ன்னு போட்டிருந்துச்சு, விரியும்னு சொன்னாங்க. கைப்பிடிக்கு மேல இருக்கிற பெரிய கைடுகிட்டதான் நிக்குது. லூர் (போலி இரை) அங்கதானே மாட்டி வெச்சிருக்கேன், அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. தள்ளிப் பார்த்தேன், கொஞ்சம் நகர்ந்து திரும்ப நிக்குது.

தையல்நூல்:
லூர் கட்டியே இருக்கா? மூணு முனை முள்ளோடயா?

அதிகாலைத்தக்கை:
ஆமா. நரம்பு கோத்தபடி முள்ளை அந்தக் கைடு வளையத்துல மாட்டி இறுக்கி வெச்சிருக்கேன். எல்லாரும் அப்படித்தானே வெப்பாங்க.

தையல்நூல்:
இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சே வேண்டியதில்ல தம்பி. முள்ளுதான் வலைக்குள்ள ஏறியிருக்கு. நீங்க தள்ளத் தள்ள இன்னொரு கண்ணியில ஏறும். இப்போ தள்ளுறதை நிறுத்துங்க.

முதல்ல கண்ணாடி போட்டுக்கோங்க, இல்லன்னா முகத்தைத் தூரமா வெச்சுக்கோங்க. லூருக்கு மேல நரம்பை வெட்டுங்க. முள்ளோட தண்டைக் குறடால பிடிச்சுக்கிட்டு, அது ஏறியிருக்கிற வலை இழைகளை மட்டும் வெட்டுங்க. குழாய் போனாப் போகட்டும், ராடும் விரலும் முக்கியம். முள் விடுபட்டதும் லூரை எடுத்துட்டு, அப்புறம் முன்னாடி சொன்ன மாதிரி கைப்பிடிப் பக்கத்துலேர்ந்து நுனிக்குத் தள்ளுங்க.

விரால்பித்தன்:
அளவும் சின்னதுதான். பெரிய கைடையும் அதுக்குக் கீழ இருக்கிற கம்பையும் சேர்த்து ஒரு நூலால சுத்திப் பாருங்க. 10 செ.மீ. வந்தா, அந்தச் சுத்தளவுக்கு விட்டம் ஏறக்குறைய 32 மி.மீ. அதையே இறுக்கமா அடைக்கிற குழாய் எடுத்தா ஒவ்வொரு தடவையும் சண்டைதான். 12 மி.மீ. குழாய் உச்சபட்சம் விரிஞ்சாலும் அந்த அளவுக்குச் சிரமமில்லாம ஏறாது. பெயிட்காஸ்டிங் ராடுல கைடு சின்னது, கம்பை ஒட்டியே இருக்கும், அதனால அதுக்கு ஒடுக்கமான குழாய் போதும். கடையில ரெண்டுக்கும் தனித்தனியா விக்கிறது இதனாலதான்.

நீளமும் கவனிக்கணும். பின்னல் விரியும்போது நீளம் குறையும். ராட் நீளத்துக்கே வெட்டினா போட்டதுக்கு அப்புறம் கட்டாயம் குட்டையாயிடும். எவ்வளவு குறையும்னு குழாய்க்குக் குழாய் மாறும். ஒரு 30 செ.மீ. துண்டை அந்தப் பெரிய கைடு மேல தள்ளி ஏத்திட்டு, இப்போ எவ்வளவு நீளம்னு அளந்து பாருங்க. அந்த விகிதத்துல மொத்தத்தைக் கணக்குப் போடுங்க.

பழையரீல்:
முள்ளை வளையத்தில் மாட்டுவதில் ஒரு தவறும் இல்லை. 25 வருடமாக நான் அப்படித்தான் எடுத்துச் செல்கிறேன். இங்கே ஆளாளுக்கு அதைக் குற்றமாக்க வேண்டாம். உறை போடும் முன் லூரைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

நீரோட்டம்:
எனக்கு அப்படி மாட்டித்தான் ஒரு கைடு போச்சு சார். வளையத்துக்குள்ள இருக்கிற பீங்கான் ஓரத்துல மெல்லிசா விரிசல். கண்ணுக்கே தெரியல. பிரெய்ட் நரம்பு (பின்னல் நரம்பு) அடிக்கடி ஒரே இடத்துல பிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, ரீல் மேல சந்தேகப்பட்டுட்டு இருந்தேன்.

பழையரீல்:
விரிசல் வேறு ஏதாவது அடியில் வந்திருக்கும். வளையத்துக்குப் பயன்படும் அலுமினியம் ஆக்சைடும் சிலிக்கான் கார்பைடும் இரும்பு முள்ளைவிடக் கடினமானவை. முள் கீற முடியாது.

நீரோட்டம்:
கடினம்னா உடையாதுன்னு அர்த்தமில்லையே. கண்ணாடி கூடக் கடினம்தான். வண்டி ஆடும்போது முள் வளையத்து மேல தட்டிக்கிட்டே இருக்குல்ல, அது கீறாது, ஓரத்தைத் தெறிக்கவிடும். காது குடையுற பஞ்சுக் குச்சியை எல்லா வளையத்துலயும் ஒரு சுத்து விட்டுப் பாருங்க. எங்கயாவது பஞ்சு பிடிச்சா அங்க விரிசல் இருக்கு. நான் அப்படித்தான் கண்டுபிடிச்சேன்.

குழாய்மாணிக்கம்:
கைப்பிடிக்கு மேல முள் மாட்டவே குட்டிக் கொக்கி ஒண்ணு நிறைய ராடுல இருக்கே. அதுல மாட்டலாம். அது இல்லைன்னா பீங்கான் வளையத்துல இல்லாம கைடோட உலோகக் கால்ல மாட்டலாம்.

பழையரீல்:
இது உறை பற்றிய உரையாடல் இழை. கைடு பற்றி எழுதத் தனி இழை திறக்கலாம். எனது ராடுகளில் ஒன்றிலும் பஞ்சு பிடிக்கவில்லை, இப்போதுதான் சோதித்தேன்.

தையல்நூல்:
சோதிச்சுப் பார்த்தீங்களே, சந்தோஷம் சார்.

உறைக்கு வர்றேன். நான் துணிதான் தைக்கிறேன், பாலியெஸ்டர் ஃபிலீஸ். அதே நூல் அளவுல பாதியும், தையலுக்கும் தளர்வுக்கும் 3 செ.மீ.யும் சேர்த்தா மடிச்ச துணியோட அகலம். தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்தா கைடு அதுல தடுக்கும். நுனி வர்ற இடத்துல மட்டும் ரெண்டு அடுக்கு, ஏன்னா ராடோட முழு எடையும் அங்கதான் இடிக்கும். வாய்ப் பக்கம் ஒரு நாடா. மெஷின் இல்லாம கையால தைச்சாலும் ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுடும். ஆனா முள் துணியிலயும் ஏறும், வலையைவிட மோசமா ஏறும்.

விரால்பித்தன்:
துணியில ஈரம் நிக்குமே அக்கா. கடல்ல போட்டுட்டு வந்து அப்படியே உறைக்குள்ள வெச்சா கைடு கால்ல துரு வரும், கம்பு மேல இருக்கிற பூச்சு கொப்புளம் கொப்புளமா எழும்பும். வலையில காத்தாவது போகுது.

தையல்நூல்:
வலையா இருந்தாலும் உப்போட வைக்கக்கூடாதுப்பா. நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, முழுசாக் காய்ஞ்ச பிறகுதான் எந்த உறையும். ஈர ராடை உறைக்குள்ள போட்டு மூலையில நிறுத்துறதைவிட உறையே இல்லாம வைக்கிறது மேல். வண்டியில கொண்டுபோகத்தான் உறை, வீட்டுல குடியிருக்க இல்லை. நியோப்ரீன் (ரப்பர் மாதிரித் துணி) உறை வெச்சிருக்கறவங்களுக்கு இதை ரெண்டு மடங்கு சத்தமாச் சொல்லணும், அது தண்ணியை விடவே விடாது.

குழாய்மாணிக்கம்:
வலைக் குழாய் முனைக்கு ஒரு விஷயம். மெழுகுவத்தியில காட்டி உருக்கினா சின்னச் சின்ன உருண்டையா இறுகும், அது ராடைக் கீறும். சாலிடரிங் இரும்பால சுட்டு வெட்டிட்டு, மேல சூட்டுல சுருங்குற குழாயை ஒரு துண்டு மாட்டுங்க. அதை ராட் மேல வெச்சுச் சுருக்காதீங்க. கார்பன் கம்பு பிசின்ல கட்டினது, சூடு ஆகாது. தடிமனான மரக்குச்சி மேல வெச்சுச் சுருக்குங்க.

அதிகாலைத்தக்கை:
வந்துடுச்சு! முள் ரெண்டு கண்ணியில ஏறியிருந்துச்சு. நாலஞ்சு இழை வெட்ட வேண்டியிருந்தது, அப்புறம் தள்ளினதும் சட்டுனு வந்துடுச்சு. கம்புல கீறல் இல்லை. பஞ்சுக் குச்சி விட்டுப் பார்த்தேன், அந்தப் பெரிய கைடுல மட்டும் பிடிக்குது. நாளைக்கு வேற ராட் எடுத்துட்டுப் போறேன். தையல்நூல் அக்காவுக்கு ரொம்ப நன்றி.

நீரோட்டம்:
அந்தக் கைடை மாத்துற வரைக்கும் பிரெய்ட் போடாதீங்க நண்பா.

விரால்பித்தன்:
நூல் சுத்தி அளந்தீங்களா? எத்தனை செ.மீ. வந்துச்சு? எனக்கும் அதே 7 அடி ஸ்பின்னிங்தான், அளவு தெரிஞ்சா நானும் சேர்த்து வாங்கிடுவேன்.

விரால்பித்தன்:
அதிகாலைத்தக்கை, இருக்கீங்களா?