மறுமொழி: சம்பளச் சிட்டையில் ‘கழிவு’ வேண்டாம், வேறு என்ன?

> ‘பிடித்தம்’ என்று போட்டால் முடிந்தது. இதற்கு எதற்குப் புதுச்சொல்?

ஐயா, சென்னையில் அது போதும். இங்கே யாழ்ப்பாணத்தில் சிட்டையில் இருப்பது ‘கழிவு’. கஸ்தூரியார் வீதிக் கடையில் கழிவு என்றால் விலைக்குறைப்பு, வாய்க்காலில் என்றால் அழுக்கு. போன மாதம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் சிட்டையோடு வந்து நின்றான்: “அண்ணை, என்ரை காசிலை 49,000 கழிவாப் போட்டுதே?”

பார்த்தால், மென்பொருள் நான்கு நிரைகளையும் ஒரே தலைப்பின் கீழ் அடுக்கியிருக்கிறது. அவன் சம்பளம் 200,000. ஊழியர் சேமலாப நிதிக்கு அவன் பங்கு 8 வீதம், 16,000. வரி 3,000: 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 150,000 வரை வரியில்லை, மிச்சம் 50,000க்கு 6 வீதம். (சேமலாப நிதியைக் கழித்துவிட்டு வரி பார்ப்பதில்லை, முழுச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. இதை நம்பவைக்கவே கால் மணித்தியாலம் போனது.) ஆக, அவனுக்குக் குறைவது 19,000. மற்ற 30,000 முதலாளி தன் கையால் கட்டுவது: சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். அதைக் கழிவு என்று எழுதினால் பொடியன் பதறாமல் என்ன செய்வான்?

முதலாளி கட்டுவதற்குப் ‘பங்களிப்பு’ போதும். அந்த 16,000க்கு நீங்கள் சொன்ன ‘பிடித்தம்’ சரி, அது அவனுடைய சேமிப்புத்தானே. சிக்கல் வரியில்தான். முன்பு ‘உழைக்கும்போது செலுத்தும் வரி’ இருந்தது. அது 2020இல் போய், இப்போது ‘முற்பணத் தனிநபர் வருமான வரி’. எப்போது கட்டுகிறோம் என்று பெயர் சொல்கிறது, யார் பிடித்துக் கட்டுகிறார் என்று சொல்லவில்லை. withholding tax என்பதை அப்படியே மொழிபெயர்த்த ‘நிறுத்திவைத்தல் வரி’ இன்னும் மோசம், வரியையே நிறுத்திவிட்டார்கள் என்று சனம் சந்தோசப்படும்.

என் முன்மொழிவு ‘பிடிவரி’. வினைத்தொகை: பிடித்த, பிடிக்கிற, பிடிக்கும் வரி, மூன்று காலமும் அடங்கும். வங்கி வட்டியில் பிடிக்கும் 10 வீதத்துக்கும் இதே சொல் பொருந்தும். பிடியாணை நினைவுக்கு வருகிறது என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான், ஆனால் கைப்பிடியும் இருக்கிறதே. ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன்: பிடித்ததை இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்புகிறார்கள் என்ற பாதி இந்தச் சொல்லில் இல்லை. ‘பிடித்தனுப்பு வரி’ என்றும் எழுதிப் பார்த்தேன். வாய்க்கும் வரவில்லை, சிட்டையின் கட்டத்துக்குள்ளும் அடங்கவில்லை.

அடுத்த சிட்டை 25ஆம் திகதி அச்சாகும். அதற்குள் நல்ல சொல் வந்தால் மாற்றிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிடிவரிதான்.